அன்றைக்கு அது புதுசு

கவரைப்பேட்டையைத் தாண்டிப் புதுவாயலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு சாக்குப்பை. அதில் ஒரு லுங்கி, போர்வை, தட்டு, டம்ளர். கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஏழு மாதம் வேலை பார்த்துவிட்டு, போதும் என்று அன்று காலைதான் வெளியே வந்திருந்தேன். சிவக்கக் காய்ந்த கம்பி ஒன்று வளைந்து வந்து என் இடது முன்கையில் ஒரு கோடு போட்டிருந்தது. அதற்காக வேலையை விடவில்லை. ஏழெட்டு மாதமானால் எனக்கு எந்த இடமும் அலுத்துவிடும். ஏழாம் வகுப்பும் அப்படித்தான் பாதியில் நின்றது.

சர்வீஸ் ரோட்டோரம் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. அதன் முன்னால் ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஒருவர் குந்தி உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் ஜன்னல் சட்டம்போல வைத்துக்கொண்டு, வயலுக்கு அந்தப் பக்கம் மூடிக்கிடந்த பழைய ஆலையையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு சரியில்லாதவர் என்று நினைத்து, "இன்னா சார், மயக்கமா கீதா?" என்று கேட்டேன்.

தலையைத் திருப்பாமலே, "அந்த செல்போன் டவரை என்ன பண்ணலாம்?" என்றார்.

"அது பாட்டுக்கு நிக்குது சார். உங்கள இன்னா பண்ணுது?"

அப்போதுதான் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, என் சட்டையைப் பார்த்தார். எழுந்து வந்து காலரைப் பிடித்துத் தடவினார். நாய்க்காது மாதிரி நீண்டு தொங்கும் காலர் அது.

"எங்க எடுத்தே இதை?"

"வேஸ்ட் துணி மூட்டைல சார்."

ஆலைகளில் எண்ணெய் துடைக்கப் பழந்துணியை மூட்டை மூட்டையாக இறக்குவார்கள். கிழியாத சட்டை அகப்பட்டால் நான் எடுத்துக்கொள்வேன். அந்தச் சட்டை என்னைவிட வயதில் மூத்ததாக இருக்கும்.

"எனக்குக் குடுத்துடு. புதுசு ஒண்ணு வாங்கித் தர்றேன்."

"இதைக் குடுத்துட்டு புதுவாயல் வரைக்கும் வெறும் ஒடம்போட போவச் சொல்றீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "சரி, அப்ப நீயும் சட்டையோட வண்டில ஏறு" என்றார்.

நான் சினிமாவில் சேர்ந்த கதை இவ்வளவுதான். மொத்தம் பன்னிரண்டு நாள்.

அவர் ஒரு டைரக்டர். அதுவரை ஐந்து படம் எடுத்திருந்தார். ஒன்றில் வெள்ளைக்காரன் இருந்தான், ஒன்றில் கரி எஞ்சின் ஓடியது, ஒன்றில் ஜனங்கள் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். எதிலும் நாம் இருக்கும் காலம் இல்லை. ஷூட்டிங் ஆட்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பழைய பேப்பர்'. "பழைய பேப்பர் வருது, ஃபோனை உள்ள போடு" என்பார்கள். அவருக்கும் அது தெரியும். ஒருநாள் தூரத்திலிருந்தே, "பழைய பேப்பர் வந்துட்டேன், எல்லாரும் எழுந்திரிங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டு வந்தார்.

பழைய காலத்தின் மேல் அவருக்கு ஏக்கம் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அவர் கையில் இருந்தது அந்த வருடம் வந்த போன். ஏசி இல்லாத காரில் ஏற மாட்டார். சாப்பாட்டு நேரத்தில் யாரோ, "இன்னா இருந்தாலும் அந்தக் காலம் மாரி வராது சார்" என்று சொல்லி வைத்தார்.

"எந்தக் காலம்?" என்றார் இவர், சோற்றைப் பிசைந்துகொண்டே. "எங்கம்மா இடுப்புல ஒரு குடம், தலைல ஒரு குடம்னு நாலு மைல் நடந்த காலமா? நீ போய் ரெண்டு குடம் எடுத்துட்டு வா. நீ வர வரைக்கும் நான் சாப்பிடாம உக்காந்திருக்கேன்."

அவருக்கு இருந்தது வேறு ஒரு பிடிவாதம். கேமராவுக்குள் 'இன்றைக்கு' நுழைந்துவிடக் கூடாது. ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் உதவி இயக்குநரைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்: "இன்னைக்கு எங்கயாவது தெரியுதா?" அந்தப் பையன் திரையில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து தேடுவான். ஏதாவது ஒன்று தெரியும். முள்மரத்தில் மாட்டிய பிளாஸ்டிக் பை. கூரைக்குப் பின்னால் ஒரு டிஷ் ஆன்டெனா. கைக்கடிகாரம் கழற்றிய மணிக்கட்டில் வெளுத்த வட்டம். உடனே திரும்பவும் எடுக்க வேண்டும். செல்போன் டவரை மறைக்க ஒரு டிராக்டர் நிறைய வைக்கோலை ஏற்றி, நாலு நாள் அசையாமல் நிறுத்தி வைத்தார். டிராக்டர்காரர் பக்கத்து ஊரில் சொந்த நிலத்தில் நெல் வைப்பவர், நெட்டையான ஆள். "வண்டி மொளச்சிடப் போவுது சார்" என்று தினம் ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போவார்.

படத்தின் கதை அந்த மண்ணில் நடந்ததுதான். தொழிற்பேட்டை வந்த புதிதில், அதுவரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள் முதல்முறையாக ஆலைக்குள் போகிறார்கள். முதல் நாள், முதல் அணி, அறுபது பேர். அவர்கள் ஆலையின் கேட்டைத் தாண்டி உள்ளே நுழைவதுதான் படத்தின் முதல் காட்சி. அதற்காகத்தான் அந்த மூடிய ஆலையைப் பிடித்திருந்தார்.

என்னை அந்தக் கேட்டுக்குத்தான் போட்டார்கள். நான் போனபோது ஆர்ட் டிபார்ட்மென்ட்டைச் சேர்ந்த ஒருவர் செங்கல் தூளையும் தேயிலைச் சாயத்தையும் கலந்து கேட்டின்மேல் பூசிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துருப்பிடித்த கேட்டுக்கு மேலும் துரு. பக்கத்தில் நின்ற பத்து சைக்கிள்களுக்கும் அதே பூச்சு. டைரக்டர் வந்து பார்த்தார்.

"யாரு பண்ணது?"

"நான்தான் சார்" என்றார் அவர், சந்தோஷமாக. "நாப்பது வருசத்துக்கு முந்தி மாதிரி இருக்குல்ல?"

"இல்லையே. நாப்பது வருசம் கழிச்சு இருக்கிற மாதிரில்ல இருக்கு. அன்னைக்குக் காலைலதான்யா இந்த கேட்டையே மாட்டினாங்க. அந்த சைக்கிள் பொண்ணு வீட்டுல குடுத்து மூணு மாசம் ஆகுது. எவன் துருப்பிடிக்க விடுவான்? அன்னைக்கு அது புதுசு. எல்லாமே புதுசு."

பிறகு என்னிடம் ஒரு கம்பி பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று நாள் சுரண்டினேன். துரு பொடிப் பொடியாக உதிர்ந்து மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் பழைய பெயிண்ட், அதற்கும் அடியில் வெள்ளையாக இரும்பு. உப்புத்தாள் போட்டு, ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் இலைப் பச்சை இரண்டு கோட் அடித்தேன். அவர் காலையும் மாலையும் வந்து கேட்டுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார்.

"வாசனை கேமராவுல வராது சார்" என்றேன்.

"உள்ள வர்றவன் மூக்குல வரும்ல? அது மூஞ்சில தெரியும்."

ஒருநாள் என் முன்கையில் இருந்த தீக்காயத்தைப் பார்த்துவிட்டார். மருந்து வாங்கி வரச் சொல்லித் தானே தடவினார். தடவி முடித்ததும் கொஞ்சம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, "இந்தக் காயம் அந்தக் காலத்துலயும் இருக்கும். கையை மடிச்சு விட்டுக்க. அறுபது பேர்ல நீயும் நில்லு" என்றார். நல்ல மனுசனா கெட்ட மனுசனா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மருந்து நல்ல மருந்து, காயம் சீக்கிரம் ஆறியது.

மற்ற ஐம்பத்தொன்பது பேரும் சுற்றுவட்டாரத்து ஆட்கள். பெரும்பாலானவர்கள் ஆலைத் தொழிலாளிகள், விடுப்புப் போட்டுவிட்டு வந்தவர்கள். ஆள் குறைந்தது என்று டிராக்டர்காரரையும் நாய்க்காது காலர் சட்டை மாட்டி நிற்க வைத்தார்கள். காலையில் வந்ததும் எல்லோருடைய போனையும் ஒரு அரிசிச் சாக்கில் வாங்கிப் போட்டுவிடுவார் டைரக்டர். மதியம் வரை ஷூட்டிங் கிடையாது, சும்மா நிற்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் தலையைக் குனிந்தபடியே நிற்போம். கட்டைவிரல்கள் தாமாக அசையும். இரண்டாவது மணி நேரத்தில் யாராவது ஒருவர் பக்கத்து ஆளைச் சீண்டுவார். அப்புறம் பேச்சு, கேலி, கபடி. "இப்பதான் கழுத்து நிமிர்ந்துச்சு, கேமராவைக் கொண்டா" என்பார் அவர்.

படக் கம்பெனி மேனேஜருக்கு இதெல்லாம் வயிற்றெரிச்சல். பன்னிரண்டாம் நாள் காலை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். "சார், நாளைக்குக் காலைல ஸ்கிராப்காரங்க வந்துடுவாங்க. இந்த ஆலையே இருக்காது. இன்னைக்குள்ள இந்த சீன் வரலேன்னா, கதையை இந்தக் காலத்துக்கு மாத்திடச் சொல்லிட்டாரு புரொடியூசர். பேன்ட்டு சட்டை, செல்போனு, கண்டெய்னர் லாரி. அப்படியே எடுத்துக்கினு போலாம். உங்களுக்கும் பேஜாரு இல்ல."

"இந்தக் காலத்தைத்தான்யா அஞ்சு படத்துலயும் எடுத்திருக்கேன்" என்றார் டைரக்டர். "நேரா எடுத்தா, அவனவன் 'இது நான் இல்ல'ன்னு எழுந்து போயிடுவான். அவனோட அப்பன் சட்டையை மாட்டிவிட்டாதான் உக்காந்து பாப்பான்."

"அதெல்லாம் நீங்க புரொடியூசராண்ட பேசிக்கங்க சார். எனக்கு சாயந்தரத்துக்குள்ள சீன் வேணும்."

மதியம் ஆரம்பித்தோம். எல்லோருக்கும் புத்தம் புதிய கறுப்பு பூட்ஸ், சென்னையில் பழைய மாதிரி பார்த்துச் செய்து எடுத்து வந்தவை. அறுபது பேரும் பூட்ஸ் போட்டுக்கொண்டு மண் சாலையில் நடந்து வந்து கேட்டுக்குள் நுழைய வேண்டும். நுழைந்தோம். திரும்ப நுழைந்தோம். எட்டு முறை நுழைந்தோம். ஒவ்வொரு முறையும் அவர் தலையை ஆட்டினார். திரையில் இன்றைக்கு எங்கும் தெரியவில்லை. டவர் இல்லை, பிளாஸ்டிக் இல்லை. ஆனாலும் ஏதோ தப்பு. தினம் ஷிப்டுக்குப் போகிற ஆட்கள் ஷிப்டுக்குப் போகிற மாதிரியே போனோம். என்ன தப்பு என்று அவருக்கே தெரியவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளில் அவர் சோர்ந்துபோய் நடு மண்ணில் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஒன்பதாவது தடவை, கேட்டோரம் நின்றிருந்த பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ஷூட்டிங்குக்குச் சமைக்க வந்த அம்மா. ஐம்பது தாண்டியவர், மூக்குக்கண்ணாடி போட்டவர். கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று கரண்டியைப் பிடுங்கிவிட்டு நிறுத்தியிருந்தார்கள். உதவி இயக்குநர் பாய்ந்தான்.

"இன்னாமா சிரிப்பு? ஷாட்டே பூடுச்சி."

"நான் இன்னா பண்ட்டும் நைனா? மாப்ள அழைப்புல வர மாரி பூட்ஸப் போட்டுக்கினு வந்தா சிரிப்பு வராதா?"

டைரக்டர் எழுந்து வந்தார். "அப்புறம் எப்படி வருவாங்க?"

அந்த அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. "தெரியாம சொல்ட்டேன் சார்."

"சொல்லுங்கம்மா. தெரியாதவன் நான்தான்."

"எங்கப்பா மொத பேட்ச்சுல உள்ள போனவரு சார். நான் சின்னப் பொண்ணு, சோத்துத் தூக்கு எடுத்துக்கினு கூடவே வருவேன். பூட்ஸ துண்டுல சுத்தி கக்கத்துல வெச்சிக்கினு வெறுங்காலோடதான் வருவாரு. கேட்டாண்ட ஒரு கொழா இருந்துச்சி. அங்க கால் கழுவிக்கினு, அதே துண்டுல தொடச்சிக்கினு, அப்பாலதான் மாட்டுவாரு. எல்லாரும் அப்டித்தான்."

"ஏன்? சேறு பட்டுடும்னா?"

"சேறும்தான்" என்றார். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். "ஊர்த் தெரு வழியாத்தான் சார் வரணும். நெலம் வெச்சிருந்தவங்க தெரு. எங்காளுங்க கால்ல ஒண்ணும் போட்டுக்கினு அங்க நடக்கக் கூடாது. துண்டப் பிரிச்சி இன்னாடா இதுன்னு கேட்டவங்களும் உண்டு. கேட்டாண்ட வந்துட்டா அப்புறம் எவனும் கேக்க முடியாது. அதான் அங்க வந்து மாட்றது."

அறுபது பேரும் அப்படியே நின்றோம். அதில் நிலம் வைத்திருந்தவர்கள் தெரு ஆட்களும் இருந்தார்கள், அந்த அம்மாவின் தெரு ஆட்களும் இருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டைரக்டர் அந்த அம்மாவைக் கும்பிட்டார். அவர் கண் கலங்கியதா என்று எனக்குத் தெரியாது, நான் தள்ளி நின்றேன். ஆனால் திரும்பியபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"குழாய் வேணும்" என்றார். "பித்தளைக் குழாய். புதுசா."

மணி நாலரை. ஐந்தரைக்கு வெளிச்சம் போய்விடும். மேனேஜர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். "சார், குழாயை இப்ப எங்க போயி..."

ஆலைக்குப் பின்னால் கழிவறைச் சுவரில் ஒரு பித்தளைக் குழாயை நான் பார்த்திருந்தேன். கறுத்துப் போயிருந்தது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடி அதைக் கழற்றி வந்தேன். அந்த அம்மா ரசத்துக்கு வைத்திருந்த புளியைக் கொண்டு வந்தார். நானும் அவருமாக உட்கார்ந்து தேய்த்தோம். "நல்லாத் தேய் நைனா, அன்னிக்குப் பளபளான்னு இருக்கும், அதுல மூஞ்சி பாப்பேன்" என்றார். தேய்த்த பிறகு அதில் அவர் முகமும் தெரிந்தது, என் முகமும் தெரிந்தது. கேட்டோரம் ஒரு கம்பத்தில் கட்டி, சுவருக்குப் பின்னால் டிரம்மிலிருந்து ஒரு டியூபை இழுத்து மாட்டினேன். தண்ணீர் வந்தது.

எல்லோரும் பூட்ஸைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தபோது, டிராக்டர்காரர் மட்டும் தயங்கி நின்றார்.

"நானும் சுத்திக்கினு வரணுமா சார்?"

டைரக்டர் அவரை ஒரு நொடி பார்த்தார். "வரணும்."

அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றைப் பிரித்தார். துண்டைச் சரியாகச் சுற்ற வரவில்லை. சமையல் அம்மாவின் மகன், வேறொரு ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர், பக்கத்தில் நின்றிருந்தார். அந்தத் துண்டை வாங்கி, சுற்றி, அவர் கக்கத்தில் செருகிவிட்டார்.

நடந்தோம். வெறுங்காலில் மண் சூடாக இருந்தது. யாரும் நடிக்கவில்லை, அதற்கு நேரமும் இல்லை. கேட்டருகே வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கால் கழுவினோம். ஈரக்காலைத் துடைத்து, விறைப்பான புது பூட்ஸுக்குள் நுழைப்பது லேசில்லை. சிலர் ஒற்றைக்காலில் தள்ளாடினார்கள். பக்கத்து ஆள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். புதுப் பெயிண்ட் வாசனை குப்பென்று வந்தது. கிரேன்காரர்தான் முதலில் மாட்டி முடித்தார். பூட்ஸ் காலில் உட்காருவதற்காக வலது காலைத் தரையில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார். ஆலைக்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம் அது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்தவர் தட்டினார். நான் தட்டினேன். பத்து, இருபது, அறுபது பேர். இரும்பு கேட் அதிர்ந்தது. டிராக்டர்காரரும் தட்டினார், நெட்டையான உடம்பு குலுங்க. ஓரத்தில் நின்ற அந்த அம்மா நடிப்பதை மறந்துவிட்டு, "அப்டித்தான், அப்டித்தான்" என்று கத்தினார். அந்தச் சத்தத்தோடு நாங்கள் உள்ளே போனோம்.

டைரக்டர் கட் சொல்ல மறந்துவிட்டார். நாங்கள் ஆலையின் மறுபக்கச் சுவர் வரைக்கும் போய்விட்டோம்.

திரும்பி வந்தபோது வழக்கமான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னைக்கு எங்கயாவது தெரியுதா?"

உதவி இயக்குநர் மூன்று முறை போட்டுப் பார்த்தான். "எங்கயும் இல்ல சார்."

"நல்லாப் பாரு. மூஞ்சி பூரா தெரியுது" என்றார் அவர். "இருக்கட்டும் விடு."

மேனேஜர் தள்ளி நின்று புரொடியூசரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "இல்ல சார், இன்னைக்கே வந்துடுச்சி. கதையை மாத்த வேணாம் சார். நான் சொல்றேன், வேணாம்."

அடுத்த வருடம் ஓசூர் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலையில் இருந்தபோது அந்தப் படம் வந்தது. முதல் காட்சி ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. என் கை தெரிகிறது, காயத்தோடு. கால் தட்டும் இடம் வந்ததும் தியேட்டரில் எனக்கு முன்வரிசையில் இருந்தவர்களும் காலைத் தட்டினார்கள். பிறகு பின்வரிசை. எனக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் "அது என் கைதான்" என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை, அவரும் தட்டிக்கொண்டிருந்தார்.

டைரக்டரை நான் மறுபடி பார்க்கவில்லை. ஷூட்டிங் முடிந்த அன்று மாலை காரில் ஏறும்போது என் சட்டையைக் காட்டி, "இன்னும் தர மாட்டேல்ல?" என்று கேட்டார். கழற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் போட்டிருந்த சட்டையைக் கழற்றி எனக்குக் கொடுத்துவிட்டு, என் அழுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏசி காரில் ஏறிப் போனார்.

மறுநாள் காலை ஸ்கிராப்காரர்கள் இரண்டு லாரியில் கேஸ் சிலிண்டர்களோடு வந்தார்கள். நான் ஆலை வாசலிலேயே படுத்திருந்தேன். மேஸ்திரி, "வேலைக்கு வரியா?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன். கேஸ் கட்டர் பிடிப்பவருக்கு உதவியாள் வேலை. முதலில் அறுக்க வேண்டியது கேட்டைத்தான், அப்போதுதான் லாரி உள்ளே போகும்.

கட்டர்காரர் ஆரம்பாக்கத்து ஆள். நெருப்பைப் பற்றவைத்தவர், கேட்டைப் பார்த்ததும் அணைத்துவிட்டார்.

"இன்னா நைனா இது? புது கேட்டப் போயி அறுக்கச் சொல்றாங்க? மேஸ்திரியாண்ட கேட்டுக்கினு வா. அப்பால என்னியத் திட்டப் போறாரு."

மேஸ்திரி வந்தார். கேட்டைச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"எப்ப மாட்டினது இது?"

"நேத்துதான்" என்றேன்.

"அடப்பாவிங்களா. அறுக்காத, அறுக்காத. கீல் ஆணியக் கழட்டி முழுசா ஏத்து. எங்கியாவது மாட்டிக்கலாம்."

எண்ணெய்க் கேனை எடுத்து வந்து கீல்களுக்கு விட்டேன். ஆணிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பச்சைக் கேட்டின் ஒரு பக்கத்தைத் தோளில் வாங்கி, பெயிண்ட் உரசிவிடாமல், லாரியைப் பார்த்து நடந்தேன்.